விளையாட்டாய்ப் பேச: தங்கச்சிக்கு அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, புகுந்த வீட்டில் ராத்திரி எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தால் ஒரே கேலியும் சிரிப்புமாக இருக்கிறது, எனக்கு மட்டும் வார்த்தையே வர மாட்டேன் என்கிறது, பதிலெல்லாம் பாத்திரம் கழுவி முடித்த பிறகுதான் தோன்றுகிறது என்று சொன்னாய். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். இதே கேள்வி மனசில் இருக்கிற மற்றத் தங்கச்சிகளும் படிக்கட்டும்.

சிரிக்கச் சிரிக்கப் பேசுவது பிறவிக் குணம், சிலருக்குத்தான் வாய்க்கும் என்பதை நீ நம்ப வேண்டாம். கூச்ச சுபாவக்காரர்களில் பலர் பிரமாதமாகப் பேசுவார்கள். அவர்கள் அடுத்தவர் பேச்சை முழுசாகக் கேட்கிறவர்கள், அதுதான் காரணம். விளையாட்டுப் பேச்சுக்கு முதலில் பழக வேண்டியது காது. வாய் தானாகப் பின்னால் வரும்.

காதுக்கு வேலை கொடு

நாம் பேசுகிற தமிழில் ஒரே சொல் இரண்டு மூன்று வேலை பார்க்கும். ஆறு என்றால் நதி, எண், சூடு தணிவது. படி என்றால் வாசற்படி, அளக்கிற படி, புத்தகத்தை எடுத்துப் படி. மாலை, அடி, திங்கள், மதி, காலை என்று வரிசை நீண்டுகொண்டே போகும். தினமும் காதில் விழுகிற சொற்கள்தான் இவை. யாராவது ஒன்றைச் சொல்லும்போது அதன் இன்னொரு பொருளும் மனசில் தட்டுகிறதா என்று கவனி. தட்டியதும் சொல்லியாக வேண்டும் என்றில்லை. கொஞ்ச நாள் சும்மா கவனித்துக்கொண்டே இரு.

"காப்பி ஆறப் போகுது, எந்திரிடா" என்று அம்மா குரல் கொடுக்கிறார். "ஆறரை ஆகட்டும்மா, எந்திரிக்கிறேன்" என்று போர்வைக்குள்ளிருந்து பதில் வருகிறது. திட்ட வந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். பூஜைக்கு மாலை வாங்கப் போன மனிதர் இருட்டுகிற நேரத்தில் வந்து சேர்ந்தால், "மாலை வாங்கிட்டு வாங்கன்னேன், மாலையிலதான் வந்திருக்கீங்க" என்று சொல்லிப் பார். தாமதம் என்று குற்றமும் சொல்லியாகிவிட்டது, சண்டையும் இல்லை. இதுதான் விளையாட்டுப் பேச்சின் பெரிய பயன். சொல்லியாக வேண்டியதைச் சொல்லிவிடலாம், உறவும் கெடாது.

உன் புகுந்த ஊரையே எடுத்துக்கொள். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. "கோவில்பட்டிக்கு வந்தா கடலைப் பார்க்க முடியாது, கடலையைத்தான் பார்க்கலாம்" என்று உன் மாமனாரிடம் ஒரு நாள் சொல். மருமகள் நம் ஊரைப் பற்றி யோசித்திருக்கிறாளே என்று அவருக்குச் சந்தோஷமாக இருக்கும்.

சொல்லைச் சேர்த்துப் படித்தால் ஒரு பொருள், பிரித்துப் படித்தால் வேறு பொருள் என்று வருவதும் உண்டு. பலகாரத் தட்டில் லட்டும் அதிரசமும் மட்டுமே இருந்தால், "பலகாரம்னு சொன்னீங்க, ஒரு காரம்கூட இல்லையே" என்று கேட்கலாம். தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல் இந்த இரண்டு வகைக்கும் அப்போதே பேர் வைத்திருக்கிறது. பிரிக்காமலே இரு பொருள் தருவது செம்மொழிச் சிலேடை, பிரித்தால் வேறு பொருள் தருவது பிரிமொழிச் சிலேடை. 15ஆம் நூற்றாண்டுக் காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும், பாம்பையும் எலுமிச்சம்பழத்தையும், வைக்கோலையும் யானையையும் இரண்டிரண்டாக ஒவ்வொரு வெண்பாவுக்குள்ளும் உட்கார வைத்தார். வைக்கோலுக்கும் யானைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பாய். நெல் அடிக்கிற இடமும் களம், யானை சண்டை போடுகிற இடமும் களம். வைக்கோலைக் குவித்தாலும் போர், படைகள் மோதினாலும் போர். விவசாயி வீட்டில் தினமும் புழங்குகிற சொற்களைத்தான் அவர் எடுத்தார். அகராதியைப் புரட்டி எடுத்த சொல்லில் சிலேடை செய்தால் கேட்கிறவருக்கு விளக்கம் சொல்லவே நேரம் போய்விடும்.

சிலேடை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்குக் கி.வா. ஜகந்நாதனைச் சொல்வேன். உ.வே. சாமிநாதையரின் மாணவர், கலைமகள் பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர், பேச்சுக்குப் பேச்சு சிலேடை போடுவதில் பேர்போனவர். அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். வழியில் நின்றுபோன காரை எல்லாரும் இறங்கித் தள்ளினார்களாம். பெரியவர் என்று அவரை மட்டும் தள்ள விடவில்லையாம். தன்னைத் தள்ளாதவன் ஆக்கிவிட்டார்களே என்றாராம் அவர். காரைத் தள்ளாதவர், வயதாகித் தள்ளாதவர், இரண்டும் ஒரே சொல்லில் வந்துவிட்டன. நடு ரோட்டில் வியர்த்து நின்றவர்கள் அத்தனை பேரும் சிரித்திருப்பார்கள், ஒருத்தருக்கும் வலித்திருக்காது.

சொல்லும் விதத்தில் இரண்டு விஷயம் கவனி. ஒன்று, முடிச்சு அவிழ்கிற சொல் கடைசியில் வரட்டும். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவது நமக்கு நல்ல வசதி. "சந்தையில அவரைப் பார்த்தேன், ரொம்ப வாட்டம், அதான் வாங்கல" என்று சொன்னால், யாரோ ஒருவரை நினைத்துக்கொண்டு கேட்டவர்களுக்கு 'வாங்கல' என்ற இடத்தில்தான் அவரைக்காய் என்று புரியும். காயை முதலிலேயே சொல்லிவிட்டால் எல்லாம் போச்சு. இரண்டாவது, சொன்னதை விளக்காதே. "புரிஞ்சுதா?" என்று கேட்காதே. சொல்லிவிட்டுச் சாம்பார் ஊற்றப் போய்விடு. புரிந்தவர்கள் சிரிக்கட்டும், புரியாதவர்கள் அப்புறம் கேட்டுக்கொள்ளட்டும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு சிலேடை போதும். நாலாவது சிலேடைக்குக் கேட்கிறவர்கள் களைத்துப்போவார்கள்.

பழமொழி எல்லார் வீட்டிலும் இருக்கிறது

சிலேடை உடனே வராவிட்டால் பழமொழியில் ஆரம்பி. எல்லாருக்கும் தெரிந்த பழமொழியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டாலே போதும். கேட்கிறவர்களுக்குப் பாதி ஏற்கெனவே தெரியும் என்பதால் மீதி பளிச்சென்று போய்ச் சேரும்.

"என்ன மதினி, சாம்பார்ல உப்பு போட மறந்துட்டீகளா?" என்று உன் கொழுந்தன் கேட்டால், "போட்டா உள்ளளவும் என்னை நினைக்கணுமே தம்பி, உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு உப்பு ஜாடியை நகர்த்து. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதை அவன் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பான். தரை துடைத்த ஈரம் காயும் முன்னால் அத்தை வந்தால், "யானைக்கும் அடி சறுக்கும் அத்தை, இப்பத்தான் துடைச்சேன், பார்த்து வாங்க" என்று சொல். எச்சரிக்கையும் ஆச்சு, பிரியமும் தெரிந்தது.

இதற்கு முன்தயாரிப்பு செய்யலாம், தப்பே இல்லை. ராத்திரி தாமதமாகத் தோன்றுகிற பதிலை வீணாக்காதே. சின்ன நோட்டில் எழுதி வை. உப்பு குறைவது, பஸ் தாமதம், கரண்ட் போவது எல்லாம் திரும்பத் திரும்ப வருகிற சந்தர்ப்பங்கள். அடுத்த தடவை பதில் கையோடு இருக்கும்.

காப்பி கீப்பி

தமிழ் பேசுகிற எல்லாருக்கும் கைவந்த ஒரு விளையாட்டு இது, விளையாடுகிறோம் என்று தெரியாமலே விளையாடுகிறோம். முதல் எழுத்தை எடுத்துவிட்டு, அது குறில் என்றால் கி, நெடில் என்றால் கீ. பணம் கிணம், புத்தகம் கித்தகம், மாடு கீடு, காப்பி கீப்பி. யாரும் சொல்லிக் கொடுக்காமலே சின்னப் பிள்ளைகூடச் சரியாகச் சொல்லும். இங்கிலீஷ் சொல் வந்தாலும் விடுவதில்லை, கார் கீர், பஸ் கிஸ்.

இதைக் கேட்கிறபோது கொஞ்சம் நின்று யோசி. "காப்பி கீப்பி சாப்பிடுறீங்களா?" என்று வந்தவரைக் கேட்டால் அது உபசாரம். காப்பிதான் வேண்டும் என்றில்லை, மோரோ தண்ணீரோ எதுவானாலும் கேளுங்கள் என்ற தாராளம் அந்தக் கீப்பிக்குள் இருக்கிறது. இதையே, "அவ ஏதோ வேலை கீலை பார்க்கிறாளாம்" என்று சொன்னால் அந்த வேலை ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது. "பாட்டு கீட்டு கத்துக்கிறாளாம்", "படிப்பு கிடிப்புன்னு சொல்லிட்டுத் திரியிறா" என்று எத்தனை பெண்களுடைய உழைப்பை ஒரு எழுத்தை மாற்றியே மட்டம் தட்டியிருக்கிறார்கள்! சாப்பாட்டுக்கும் சாமானுக்கும் தாராளமாகச் சொல். ஒருவர் பாடுபட்டுச் செய்கிற காரியத்துக்கு அந்தக் கீயை ஒட்டாதே. உன் வேலைக்கு யாராவது ஒட்டினால், "கீலை இல்ல அத்தை, வேலைதான்" என்று சிரித்துக்கொண்டே திருத்து. ஒரு தடவை திருத்தினால் பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும்.

வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டு வை. கிளிக்கும் கீரைக்கும் என்ன சொல்வீர்கள்? கி ஏற்கெனவே இருக்கிறதே! அரை மணி நேரம் விழுந்து விழுந்து யோசிப்பார்கள்.

பிள்ளைகளோடு

பிள்ளைகளுக்குச் சிலேடை ஆறேழு வயசில்தான் பிடிபட ஆரம்பிக்கும். அதற்கு முன்னால் ஓசை போதும். சலசல, படபட, குடுகுடு என்று இரட்டைக்கிளவி சொல்லிக்கொண்டே சோறு ஊட்டலாம். இன்னும் கொஞ்சம் வளர்ந்தால் க பாஷை கற்றுக்கொடு. ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் ஒரு க போட்டுப் பேசுவது. 'வா' என்பது 'கவா' ஆகும். நாம் சின்ன வயசில் பெரியவர்களுக்குத் தெரியாமல் பேசிக்கொள்ள வைத்திருந்தோமே, அதேதான். சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்து வேகமாகச் சேர்க்கிற பயிற்சி அதில் சும்மா கிடைக்கிறது. இப்படி ஒரு கூட்டத்துக்குள் மட்டும் புழங்கும் பேச்சுக்கு நன்னூல் குழூஉக்குறி என்று பேர் சொல்கிறது. பொற்கொல்லர்கள் தங்களுக்குள் பொன்னைப் பறி என்று சொல்லிக்கொள்வது அதற்குக் காலங்காலமாகச் சொல்லும் எடுத்துக்காட்டு.

விடுகதைதான் பிள்ளைகளுக்கு நீ தரக்கூடிய மிக நல்ல விளையாட்டு. தொல்காப்பியம் யாப்பை ஏழாக வகுக்கும்போது பிசி என்று ஒன்றைச் சொல்கிறது, அதுதான் விடுகதை. பாட்டுக்கும் நூலுக்கும் சமமாக அதற்கும் ஒரு இடம். பழைய விடுகதைகளைச் சொல்லு, அதோடு நிறுத்தாமல் புதுசு செய்யவும் கற்றுக்கொடு. வழி சுலபம். வீட்டில் இருக்கிற ஒரு பொருளை எடு. அதன் பேரைச் சொல்லாதே. அதை ஓர் ஆளாக நினைத்துக்கொள். அந்த ஆள் செய்கிற காரியத்தில் ஏதாவது ஒன்று நடக்க முடியாதது போல இருக்க வேண்டும். அந்த முரண்தான் விடுகதையின் உயிர்.

குக்கரை எடுத்தால் இப்படி வரும்: "வீட்டுக்குள்ளே விசிலடிப்பாள், யாரும் திட்ட மாட்டார்கள், எண்ணிக்கொண்டு நிற்பார்கள்." இட்லிக்கு: "தண்ணியாய்ப் போனான், ஆவி பிடித்தான், தலையணையாய் வந்தான்." செல்போனுக்கு: "சுவரில் வாய் வைத்துப் பசியாறுவான், ஊரெல்லாம் பேசுவான், நாக்குதான் கிடையாது." இவை உட்கார்ந்த இடத்தில் செய்தவை. உன் நாத்தனார் மகள் இதைவிட நன்றாகச் செய்வாள், கேட்டுப் பார். பிள்ளை சொன்ன விடை உன் விடையாக இல்லாவிட்டாலும் பொருந்துகிறதா என்று பார். பொருந்தினால் அதையும் ஏற்றுக்கொள்.

பிள்ளைகளிடம் ஒன்று மட்டும் வேண்டாம். குத்தல் பேச்சு. பாலைக் கொட்டிய பிள்ளையிடம் "ஆமா, நீ ரொம்ப சமர்த்துதான்" என்று சொன்னால் சின்னப் பிள்ளைக்குச் சொல் வேறாகவும் குரல் வேறாகவும் நிற்கும். அம்மா பாராட்டுகிறாளா, கோபமாக இருக்கிறாளா என்று தெரியாமல் முகம் சுண்டிப்போகும். கொட்டிட்டே, துணி எடுத்துட்டு வா, துடைப்போம் என்று நேராகச் சொல்வதுதான் அந்த வயசுக்கு நல்லது. பட்டப்பேரும் அப்படியே. வீட்டில் செல்லமாக வைத்த பேரைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முன்னால் சொல்லிக் கூப்பிடாதே.

யாரைக் கேலி செய்யலாம்

நம் வீடுகளில் இதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. மாமன் மச்சான், அத்தை மகள், கொழுந்தியாள், கொழுந்தன், மதினி எல்லாம் கேலிக்கு உரிய உறவு. தாத்தா பேத்தியைப் பெண்டாட்டி என்று கூப்பிடுவதும் இந்தக் கணக்கில்தான் வரும். மாமனாரிடமும் கணவருடைய அண்ணனிடமும் அளந்து பேசுவது வழக்கம். கல்யாண வீட்டில் நலங்கின்போது பெண்டுகள் சம்பந்திகளை ஏசிப் பாடுவதும், முறைக்காரர்கள் மஞ்சத்தண்ணி ஊற்றி விளையாடுவதும் இரண்டு குடும்பத்தின் விறைப்பைத் தளர்த்தத்தான். ஏசல் பாட்டில் யாரைச் சொன்னாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது எல்லாரும் ஒப்புக்கொண்ட விதி.

புது வீட்டில் யார் யாரை எப்படிக் கேலி செய்கிறார்கள் என்று முதல் சில மாதம் பார்த்துக்கொள். ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் தோழிகள் போல வாயடிப்பார்கள், இன்னொரு வீட்டில் அது மரியாதைக் குறைவு. ஆனால் முறை இருக்கிறது என்பதால் அவருக்கு அது பிடித்திருக்கிறது என்று ஆகிவிடாது. பேத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டால் தாத்தா நிறுத்தத்தான் வேண்டும். கொழுந்தியாளிடம் வரம்பு மீறிப் பேசிவிட்டு முறைதானே என்று சொல்கிறவரை முறை காப்பாற்றக் கூடாது.

எதைக் கேலி செய்யக் கூடாது என்பதில் நான் கறாராக இருப்பேன். நிறம், உடம்பு, முடி, பல். குழந்தை இல்லாதது. கல்யாணம் ஆகாதது. சம்பளம், பிறந்த வீட்டுச் சீர், சாதி. ஒருவர் திக்கிப் பேசுவது, கெந்தி நடப்பது. ஒருவரால் மாற்ற முடியாததையும், ராத்திரி நினைத்து அழக்கூடியதையும் தொடாதே. நம் ஊர்ப் பேச்சை அவர்கள் கேலி செய்வதும், அவர்கள் ஊர்ப் பேச்சை நீ கேலி செய்வதும் இரண்டு பக்கமும் சிரிக்கிற வரைக்கும் சரி. ஒருவர் தன் வட்டாரப் பேச்சையே அடக்கிக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டால், அந்தக் கேலி எல்லை தாண்டிவிட்டது என்று தெரிந்துகொள்.

இதையெல்லாம் விட்டால் சிரிக்க என்ன இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளில் முதலாவதாக நகையைத்தான் சொல்கிறார். அது நாலு விஷயத்தால் பிறக்கிறது என்கிறார். எள்ளல், இளமை, பேதைமை, மடன். இந்த நாலில் ஒன்றுதான் அடுத்தவரை ஏளனம் செய்வது. இளமை என்பது குழந்தைத்தனம். பேதைமை அறியாமை. மடன் என்பது சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்கிற வெள்ளந்தித்தனம். "படி, படி" என்று சொன்னதும் பையன் போய் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டால் வருகிற சிரிப்பில் யாருக்கு என்ன நஷ்டம்? மூன்று வழி திறந்திருக்க, நாம் ஒரே வழியில் போய் முட்டிக்கொண்டிருக்கிறோம். நம் டிவி நகைச்சுவை நிகழ்ச்சிகளில் பல குண்டு, கறுப்பு, குள்ளம் என்று அந்த ஒரு வழியிலேயே போகின்றன. பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் வகுப்பில் பேசுகிறார்கள்.

சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்

இந்த வாக்கியத்தை யாராவது சொன்னால் அங்கே யாருக்கோ வலித்திருக்கிறது என்று அர்த்தம். நன்றாக இருந்த விளையாட்டுக்கு இந்த விளக்கம் தேவைப்படாது. கேலி செய்யப்பட்டவர் சிரிக்கிறாரா, அவரே திருப்பி ஒன்று சொல்கிறாரா என்று பார். சுற்றி இருப்பவர்கள் சிரித்து அவர் மட்டும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் அது விளையாட்டில்லை. நீ சொல்லி அப்படி ஆகிவிட்டால் விளக்கம் சொல்லாதே. "தப்பாச் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கங்க" என்று எல்லார் முன்னாலும் சொல், பேச்சை மாற்று.

சட்டமே இந்தக் கோட்டைப் போட்டிருக்கிறது. 1997இல் வந்த தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம், மாணவரை அடிப்பதை மட்டும் குற்றம் என்று சொல்லவில்லை. கிண்டல் செய்வது, விளையாட்டு என்ற பேரில் ஏமாற்றிக் கூச வைப்பது எல்லாமே அதில் வருகிறது. இலங்கைத் தமிழர்கள் ஜோக்கைப் பகிடி என்பார்கள், அழகான சொல். ராகிங்குக்கு அங்கே பகிடிவதை என்று பேர். பகிடியோடு வதை ஒட்டிக்கொண்டதால் அதைத் தடுக்க அங்கேயும் 1998இல் ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது.

அலுவலகத்திலும் எச்சரிக்கையாக இரு. சிலேடை என்ற அருமையான கலையைச் சினிமாவும் மேடையும் சேர்ந்து இரட்டை அர்த்தம் என்று கெடுத்து வைத்திருக்கின்றன. உன்னிடம் ஒருவர் ஆபாசம் தொனிக்கப் பேசிவிட்டு, நீங்கதான் தப்பா எடுத்துக்கிட்டீங்க என்று தப்பிக்கப் பார்த்தால் விடாதே. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் பேச்சும் அடங்கும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் புகாரை விசாரிக்க ஓர் உள்குழு இருந்தாக வேண்டும். நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கலாம். தேதி, நேரம், என்ன சொன்னார், யார் கூட இருந்தார் என்று அன்றைக்கே குறித்து வை.

வாட்ஸ்அப்பில் கேலியைக் குறைத்துக்கொள். குரலும் முகமும் இல்லாமல் போகிற சொல் எப்படிப் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. குடும்பக் குரூப்பில் போட்டது யார் கைக்கு வேண்டுமானாலும் போகும்.

உன்னைச் சொன்னால்

மூன்று வழி சொல்கிறேன். முதலாவது, சொன்னதை அப்படியே நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்வது. "உங்க மருமகளுக்கு வாயே இல்லையா?" என்று யாராவது கேட்டால், "இருக்கு சித்தி, நீங்க சுட்ட முறுக்கு இப்ப அதுக்குள்ளதான் இருக்கு" என்று சொல். குத்தவும் இல்லை, குனியவும் இல்லை, அவர் முறுக்கையும் பாராட்டியாகிவிட்டது. அடுத்த தடவை அந்தச் சித்தி உன் பக்கத்தில்தான் வந்து உட்காருவார்.

இரண்டாவது, புகழ்வது போலச் சொல்லிப் புரிய வைப்பது. இதில் ஔவையாரை மிஞ்ச ஆளில்லை. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனபோது தொண்டைமான் தன் ஆயுதசாலையைக் காட்டினான். உன் ஆயுதங்கள் எண்ணெய் பூசி, பீலி சூட்டி, மாலை போட்டு எவ்வளவு அழகாக இருக்கின்றன, எங்கள் அரசனுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றனவே என்றார் ஔவை. யார் ஆயுதம் போருக்குப் போய் வந்திருக்கிறது, யாருடையது சும்மா இருக்கிறது என்று அவனுக்குப் புரியாமலா போயிருக்கும்? புறநானூற்றில் 95ஆவது பாட்டு, எடுத்துப் படி. ஒரு வசைச் சொல் கிடையாது. எதிராளி வீட்டுக்குள்ளேயே நின்றுகொண்டு, ஒரு பெண், இவ்வளவு பெரிய விஷயத்தை இவ்வளவு மெதுவாகச் சொல்லியிருக்கிறார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

மூன்றாவது, விளையாட்டை விட்டுவிடுவது. சில பேச்சுக்குச் சமத்காரமான பதில் தேவையே இல்லை. நிறத்தைச் சொன்னாலோ, அம்மா அப்பாவைச் சொன்னாலோ, "இது எனக்குப் பிடிக்கல, இப்படிப் பேசாதீங்க" என்று நிதானமாக, சிரிக்காமல் சொல். சிரித்துக்கொண்டே சொன்னால் அடுத்த வாரமும் அதே பேச்சு வரும். உன் வீட்டுக்காரரிடமும் தனியாகச் சொல்லி வை. அவர் வாய் திறந்து, "அவளுக்குப் பிடிக்கல, விடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்வது நீ பத்துப் பதில் சொல்வதற்குச் சமம். அவரை நாலு பேர் முன்னால் மட்டம் தட்டிச் சிரிப்பதை நீயும் செய்யாதே.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். நீ வாழப்போயிருக்கிற கரிசல் பக்கம் சொல்வளம் கொட்டிக் கிடக்கிற இடம். பக்கத்து இடைசெவல்காரரான கி. ராஜநாராயணன் அந்த மண்ணின் கதைகளையும் சொற்களையும் ஜனங்கள் வாயிலிருந்து கேட்டுக் கேட்டுத்தான் சேர்த்தார், வட்டார வழக்குக்கு ஒரு அகராதியே தொகுத்தார். தென் மாவட்டங்களில் விடுகதையை அழிப்பாங்கதை என்று சொல்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உன் அத்தைக்கும் அவருடைய அம்மாவுக்கும் எத்தனை தெரியும் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மத்தியானம் ஓய்வாக இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேள். அவர்கள் சொல்கிற விதத்திலேயே, அந்த ஊர்ப் பேச்சிலேயே, அனுமதி கேட்டுப் போனில் பதிவு செய். நோட்டிலும் எழுதி வை. பொங்கலுக்கு வரும்போது மறக்காமல் எடுத்துக்கொண்டு வா.